வணிகவியலுக்கு ஒரு விசாரணைக் கமிஷன்

எங்கள் வீட்டில் இனி ஒரு முடிவையாவது நான் எடுப்பது என்று ஒரு வியாழக்கிழமை காலையில் முடிவெடுத்தேன். அப்போது என் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். இல்லாவிட்டால் அந்த முடிவுகூட நடந்திருக்காது.

தவறாக நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஜனநாயகம் உண்டு. எதைப் பற்றியும் நான் கருத்துச் சொல்லலாம். பொறுமையாகக் கேட்பார்கள். “அப்பா சொல்லி முடிச்சாச்சா? சரி, இப்ப என்ன பண்ணலாம்?” என்று அதன் பிறகு பேச்சு தொடங்கும். கூடத்துச் சுவருக்கு வெளிர் நீலம் நன்றாக இருக்கும் என்று ஒருமுறை சொன்னேன். இன்றைக்கும் அந்த மஞ்சள் சுவரில் சாய்ந்துதான் பேப்பர் படிக்கிறேன்.

ஆனால் இந்த முறை விஷயம் சுவர் இல்லை. மகள்.

மகள் கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். முதல் வருடம் எல்லோருக்கும் ஒரே பாடம். இரண்டாம் வருடம் தொடங்கும்போது ஆளுக்கொரு முதன்மைப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணக்கியல், வங்கியியல், மார்க்கெட்டிங் என்று மூன்று கதவுகள். ஒன்றில் நுழைந்தால் மற்ற இரண்டும் சாத்திக்கொள்ளும். திங்கட்கிழமை எந்தக் கதவு என்று சொல்லிவிட வேண்டும். மகள் மார்க்கெட்டிங் என்றாள். நான் கணக்கியல் என்றேன். என் மனைவி ஒன்றுமே சொல்லவில்லை. எனக்கு அதுதான் கவலையாக இருந்தது.

நான் ஏன் கணக்கியல் என்கிறேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நான் ஒரு மெத்தை கம்பெனியில் வட்டார விற்பனை மேலாளர். ஊரெல்லாம் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதற்காக மாதக் கடைசியில் தூங்காமல் இருப்பது என் தொழில். மேலாளர் என்றதும் எனக்குக் கீழே ஆட்கள் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கீழே ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது.

அந்த ஸ்கூட்டரில் கடை கடையாகப் போய் ஆர்டர் கேட்க வேண்டும். மெத்தைக் கடைக்குள் நுழைந்தால் எங்கு பார்த்தாலும் பஞ்சு, ஸ்பிரிங், தலையணை. ஆற அமரப் படுத்துப் பார்த்துவிட்டு “நாளைக்கு வரோம்” என்று போகிறவர்களுக்குக்கூட ராஜ உபசாரம். எனக்கு மட்டும் ஒரு ஸ்டூல். கடை முதலாளி சாப்பிட்டு, கை கழுவி, பல் குத்தி, போனில் சம்பந்தியோடு சண்டை போட்டு முடிக்கும் வரை அதில் உட்கார்ந்திருப்பேன். அத்தனை மெத்தைகளுக்கு நடுவில் ஒருவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால், அவன்தான் மெத்தை கம்பெனிக்காரன்.

எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கண்ணாடி அறை. உள்ளே குளிர். அங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர் வெயிலைப் படத்தில் மட்டுமே பார்த்தவர். நான் ஊர் ஊராக அலைந்துவிட்டுக் கொடுக்கும் பயணச் செலவைப் பார்த்து, “பஸ் போகுதே, டாக்சி எதுக்கு சார்?” என்று சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே ஒரு ஆசைதான். என் மகள் பேனாவுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். கண்ணாடிக்கு உள்ளே. சாய்வு நாற்காலியில்.

இதை அப்படியே வீட்டில் சொல்ல முடியாது. ஸ்டூல் விஷயம் வீட்டுக்குத் தெரியாது. வீட்டுக்குத் தெரிந்தவரை, நான் கடைக்குள் காலடி வைத்தால் முதலாளிகள் எழுந்து நிற்பார்கள். ஆர்டர் புத்தகத்தை அவர்களே பிடுங்கி எழுதிக்கொள்வார்கள்.

இந்தப் பெருமையை நான் வளர்த்ததற்குக் காரணம் என் மனைவியின் அண்ணன். கல்யாணப் பேச்சின்போது, “போயும் போயும் மெத்தை விக்கிறவனுக்கா என் தங்கச்சியக் கொடுக்கணும்?” என்று கேட்டவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். எங்கே போனாலும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்திருப்பது அவர் சுபாவம். அவர் கேட்டதை அவர் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. அவர் வந்துபோகும் ஒவ்வொரு முறையும் என் விற்பனை இன்னும் கொஞ்சம் பெருகும்.

ஆக, மார்க்கெட்டிங் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஏன் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இதற்குத்தான் திட்டம் தேவைப்பட்டது.

மனைவி குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன் நின்றாள். அவளுக்குப் பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பறையில் வேலை. வாயைத் திறந்துகொண்டு பேச முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களோடு பழகிப் பழகி, அதே பழக்கத்தை வீட்டிலும் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

“ஒரு யோசனை” என்றேன்.

“அந்தச் சீப்பை எடுத்துக் கொடுத்துட்டுச் சொல்லுங்க.”

கொடுத்தேன். “பாப்பா ஒண்ணு சொல்றா, நான் ஒண்ணு சொல்றேன். வீணா எதுக்கு மனஸ்தாபம்? நம்ம ஆடிட்டர் இருக்கார். மேல்வீட்டு பேங்க் மேனேஜர் இருக்கார். கூப்பிட்டு உட்கார வெப்போம். அவங்கவங்க தொழில்ல என்ன எதிர்காலம்னு அவங்கவங்க சொல்லட்டும். எல்லாத்தையும் கேட்டுட்டு அவளே முடிவு பண்ணட்டும்.”

“விசாரணைக் கமிஷன் மாதிரியா?”

“அப்படித்தான் வெச்சுக்கயேன்.”

“கமிஷன் வெக்கிறவங்க அறிக்கையை முதல்லயே எழுதி வெச்சிருப்பாங்களே.”

“சேச்சே. இது நடுநிலையான கமிஷன்.”

“மார்க்கெட்டிங்குக்கு யாரு சாட்சி?”

“ஏன், நான் இல்லையா?”

அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நேரில் பார்க்கப்படுவதைவிட இது கொஞ்சம் தேவலை.

“நல்ல யோசனைதாங்க” என்றாள்.

எனக்குத் தலை சுற்றியது. இந்த வீட்டில் அந்தச் சொற்கள் என் திசையில் வந்ததே இல்லை. வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுவிட்டேன்.

“ஆனா ஒண்ணு” என்றாள். “ஆம்பளைங்கள மட்டும் வாங்கன்னா நல்லாவா இருக்கும்? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வேற. ஜோடியா வரச் சொல்லுங்க. அதுதான் மரியாதை.”

“தாராளமா வரட்டும். நீ அவங்ககிட்டப் பேசிட்டிரு.”

“பேசறேன். அப்புறம் எங்க அண்ணனையும் வரச் சொல்லிடறேன். பொண்ணு விஷயம். மாமா இல்லாம எப்படி?”

“அவரு எதுக்கு?”

“கமிஷனுக்கு ஒரு நீதிபதி வேணாமா?”

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான்தான் பாடம் எடுப்பேன். ஜோடியாக வந்தால் ஆணிடம் பேசாதே. அவரை மெத்தையில் படுக்கவைத்துவிடு. பேச்சு முழுக்க அந்த அம்மாவிடம் இருக்கட்டும்; முடிவு அங்கேதான். அப்புறம், விற்பனை முடிந்த பிறகு அந்த இடத்தில் நிற்காதே. நின்றால் வாங்கியவர்கள் கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்டால் காரியம் கெடும். இதை எல்லாம் சாப்பாட்டு மேசையிலும் எத்தனையோ முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அப்போது என் மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் காதில் விழுந்ததாகவே தெரியாது.

இவ்வளவும் கற்றுக்கொடுக்கிற நான், அன்றைக்கு என்ன செய்தேன்? இரண்டு ஆண்களிடம் மட்டும் பேசினேன்.

ஆடிட்டரைப் போனில் பிடித்தேன்.

“சார், ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து கொஞ்சம் புகழ்ந்து பேசணும்.”

“யாரை சார்?”

“உங்க தொழிலை.”

“ஏன், என் தொழிலுக்கு ஏதாவது ஆயிடுச்சா?”

விளக்கிச் சொன்னேன். “பொய் சாட்சி கணக்குல வருமே சார்” என்றார். பிறகு, நீண்ட நாள் பழக்கத்துக்காக ஒப்புக்கொண்டார். மேல்வீட்டு பேங்க் மேனேஜரிடம் மாடிப்படியில் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. வங்கியைப் பற்றி அவர் வாயைத் திறந்தால் போதும், கேட்கிறவர்கள் வேறு துறைக்கு ஓடிவிடுவார்கள்.

மார்க்கெட்டிங்குக்கு நானே ஒரு தந்திரம் வைத்திருந்தேன். மைத்துனர் முன்னால் குறை சொல்ல முடியாது. அதனால் புகழ்ந்தே பயமுறுத்துவது. இது சிங்கங்களுக்கான துறை, லட்சத்தில் ஒருவனுக்குத்தான் அமையும், அந்த ஒருவன் ஏற்கெனவே இந்த வீட்டில் இருக்கிறான் என்ற ரீதியில் முடித்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, எனக்காகத்தான் எல்லாரையும் கூப்பிடுறீங்களா?”

“உன் எதிர்காலத்துக்காகம்மா. வேலை வாய்ப்புன்னு ஒண்ணு இருக்கே.”

“நானும் விசாரிச்சேன்பா. கணக்கு எழுதற வேலையில பாதியைக் கம்ப்யூட்டரே பண்ணிடுதாம். கடைன்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும் விக்கிறதுக்கு ஆள் வேணும்.”

“யார் சொன்னா?”

“நீங்கதான். போன மாசம். மாமா வந்திருந்தப்ப.”

என் பேச்சை இந்த வீட்டில் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அதுவும் தப்பான நாளில்.

“கல்லூரிச் சந்தையில நாங்க பூச்செடி வித்தோமே, ஞாபகம் இருக்காப்பா? காலைல ஒருத்தர்கூட வாங்கல. செடி வளர்க்கத் தெரியாதுன்னு எல்லாரும் நழுவினாங்க. நான் ஒவ்வொரு தொட்டியிலயும் ஒரு சீட்டு எழுதிச் செருகினேன். ‘நீங்க தண்ணி ஊத்த மறந்தாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்.’ மத்தியானத்துக்குள்ள தொட்டி காலி. வாங்காம போறவங்க ஏன் போறாங்கன்னு கண்டுபிடிக்கிறது எனக்குப் பிடிச்சிருக்குப்பா. கணக்கும் வரும். ஆனா அதுல எனக்கு விடைதான் வருது. கேள்வியே வர மாட்டேங்குது.”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“நீங்க வேண்டாம்னா நான் எடுக்க மாட்டேன்” என்றாள். “ஆனா ஏன் வேண்டாம்னு ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. நிஜமான காரணமா இருக்கணும்.”

என்னிடம் நிஜமான காரணம் ஒன்றுதான் இருந்தது. அதற்கு முதுகு கிடையாது, கால்கள் மட்டும்தான் உண்டு. “ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்மா” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கமிஷனும் கூடியது.

நீள சோபாவில் ஆடிட்டரும் அவர் மனைவியும். அதற்கு எதிரே பேங்க் மேனேஜரும் அவர் மனைவியும். கைப்பிடி வைத்த ஒரே நாற்காலியில் மைத்துனர். மகள் சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் பக்கத்தில் அவள் அம்மா. நான் எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் உட்கார இடமில்லை. என் மனைவி எழுந்து உள்ளே போனாள். சமையலறையிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்து வந்து போட்டாள்.

“உக்காருங்க.”

உட்கார்ந்தேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

ஆடிட்டர் தொண்டையைச் செருமினார். நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே பேசினார். “கணக்கு தெரிஞ்சவனுக்கு எந்த ஊர்லயும் வேலை இருக்கும்மா. கம்பெனி லாபத்துல ஓடினாலும் நாங்க வேணும், நஷ்டத்துல ஓடினாலும் நாங்க வேணும், ஓட்டத்தையே நிறுத்தினாலும் நாங்க வேணும். எங்களைக் கேக்காம ஒரு முதலாளி மூச்சு விட மாட்டார்.” மகள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மைத்துனரைப் பார்த்துத் தலையசைத்தேன். கமிஷன் சரியான திசையில் போய்க்கொண்டிருந்தது.

“அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?” என்று என் மனைவி ஆடிட்டரின் மனைவியிடம் கேட்டாள்.

“நான் என்னம்மா சொல்றது? நல்ல தொழில்தான்” என்றார் அந்த அம்மா. “எங்க பையன் பொறந்தது கணக்கு வருஷம் முடியறதுக்கு முந்தின நாள். இவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழந்தையைப் பார்த்தார். ‘இந்த வருஷத்துக்குள்ளயே வந்துட்டான், நல்லதாப் போச்சு’ன்னார். திரும்பி ஆபீசுக்குப் போயிட்டார்.”

“வேலை இருந்தது” என்றார் ஆடிட்டர்.

“ஒரு நாள் தூக்கத்துல ஏதோ முணுமுணுத்தார். என் பேரைத்தான் சொல்றார்னு ஆசையா குனிஞ்சு கேட்டேன். ‘பில் எங்கே, பில் எங்கே’ன்னார்.”

“அத்தை, உங்க பொண்ணும் இதேதான் படிக்கிறாங்களா?” என்று என் மகள் கேட்டாள்.

“அவ கால்நடை மருத்துவம் படிக்கிறா. சேர்த்துவிட்டது இவர்தான். ஏன்னு இவரையே கேளு.”

ஆடிட்டர் டீயைப் பார்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்: “மாடு பில்லைத் தொலைக்காது.”

மகள் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

என் ஸ்டூல் லேசாக ஆடியது. பரவாயில்லை, அடுத்தது பேங்க் மேனேஜர், அவரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆடிட்டர் மறுபடி தூக்கலாகத் தெரிவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

“வங்கியியலுக்கு எதிர்காலம் எப்படி சார்?” என்று மைத்துனர் நீதிபதி தோரணையில் கேட்டார்.

“நல்லா இருக்கும்னு சொல்லலாம். ஆனா அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.”

“உங்க சொந்த அபிப்பிராயம்?”

“அதைத் தலைமை அலுவலகத்துல கேட்டுத்தான் சொல்லணும்.”

அவர் மனைவி மெதுவாகச் சிரித்தார். “இவர் தப்பாச் சொல்லலம்மா. வேலை நிரந்தரம். ஊர்தான் நிரந்தரம் இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் மாத்தலாகிப் போனதும் ஜன்னலுக்கு அளவெடுத்துத் திரை தைப்பேன். தைச்சு மாட்டி, துவைச்சு ஒரு தடவை திரும்ப மாட்டறதுக்குள்ள அடுத்த ஊர். அங்க ஜன்னல் வேற அளவு. இப்ப உங்க மேல்வீட்டுல இருக்கோமே, நான் திரையே போடல. போட்டா மாத்தல் வந்துடும்னு பயம்.”

மேல்வீட்டு ஜன்னலில் ஏன் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மகளின் இரண்டாவது கதவும் சாத்திக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது.

“இப்ப நீங்க சொல்லுங்க மாப்பிள்ளை” என்றார் மைத்துனர். “உங்க துறை.”

நான் ஸ்டூலில் நிமிர்ந்தேன்.

“மார்க்கெட்டிங்கிறது எல்லாராலயும் முடியுற காரியம் இல்லை” என்று தொடங்கினேன். “அதுக்குன்னு ஒரு நெஞ்சழுத்தம் வேணும். ஒரு கடைக்குள்ள போறோம்னா, அங்க இருக்கிறவன் நம்மளைப் பார்த்து எழுந்து நிக்கணும். அந்த மாதிரி ஆளு லட்சத்துல ஒருத்தர்.”

“நீங்கதான் அப்படின்னு அடிக்கடி சொல்வீங்களே” என்றார் மைத்துனர்.

“அதைத்தான் சொல்ல வரேன். எனக்கு அது அமைஞ்சுது. எல்லாருக்கும் அமையாது. வெயில், மழை, மாசக் கடைசி. சாதாரண ஆளா இருந்தா ஒரே வாரத்துல ஓடிப்போயிடுவாங்க.”

“எனக்குப் பயமில்லைப்பா” என்றாள் மகள்.

“பயம் வரும்மா. கொஞ்சம் கொஞ்சமா வரும்.”

“உங்களுக்கு வந்துதா?”

மைத்துனர் என்னைப் பார்த்தார். “எனக்கா?” என்று சிரித்தேன். சிரிப்பு நான் நினைத்ததைவிட நீளமாகப் போய்விட்டது.

அப்போது என் மனைவி கோப்பையைக் கீழே வைத்தாள்.

“ரெண்டு வீட்லயும் வீட்டம்மா பேசினாங்க. இப்ப என் முறை.”

என் நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. இது எனக்கு ஏன் தோன்றாமல் போனது? மாதக் கடைசியில் என்னைப் பற்றியும் என் வேலையைப் பற்றியும் அவள் சொல்வதில் கால்வாசி சொன்னால் போதும். எந்தக் கல்லூரியும் அந்தப் பிரிவையே இழுத்து மூடிவிடும். மைத்துனர் முன்னால் மானம் போகும்தான். போகட்டும். மகளுக்கு நாற்காலி கிடைக்கும் என்றால் மானத்தை நான் ஸ்டூலுக்குக் கீழே வைக்கத் தயாராக இருந்தேன். “தயங்காம சொல்லு” என்று அவளை உற்சாகப்படுத்தவும் செய்தேன்.

“இவரைப் பத்தி நான் வெளியில எதுவும் பேசினதில்லை” என்று தொடங்கினாள். “மாசம் முழுக்க அலைவார். கடைசி வாரத்துல முகம் சின்னதாயிடும். சாப்பாடு இறங்காது. டார்கெட் முடிஞ்சுதா இல்லையான்னு நான் கேக்க மாட்டேன். நடையைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். சில மாசம் முடியாது.”

அப்படிப் போடு என்று மனதுக்குள் சொன்னேன்.

“ஆனா மறுநாள் ஒண்ணாந்தேதி காலையில எழுந்து குளிச்சு, துவைச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு, நேத்து எதுவுமே நடக்காத மாதிரி கிளம்பிடுவார். அந்த மாதிரி எழுந்து போறதுக்கு எந்தக் கணக்குப் புத்தகத்துலயும் சொல்லித் தர மாட்டாங்க. ஒரு மெத்தைகூடப் பொய் சொல்லி வித்ததில்லை. இவர் வித்த மெத்தையில படுத்தவங்க தெருவுல பார்த்தா நின்னு பேசுறாங்க. இவர் யாரைப் பார்த்தும் ஒளிஞ்சதில்லை. எங்க கல்யாணத்தப்ப இவர் தொழிலைப் பத்திச் சிலர் சிலது சொன்னாங்க. நான் இன்னிக்கு வரைக்கும் ஒரு நாள்கூட வருத்தப்படல. என் பொண்ணு இவர் தொழிலுக்குப் போனா எனக்குப் பெருமைதான்.”

பேங்க் மேனேஜரின் மனைவி முந்தானையால் கண்ணைத் தொட்டுக்கொண்டார். ஆடிட்டர், வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா என்று தெரியாதவர் போல என்னைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் எந்த நாளிலும் பார்த்ததில்லை.

கல்யாணமான நாளிலிருந்து நான் காத்திருந்த சொற்கள் இவை. ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றும் என் திட்டத்தின் மேலேயே விழுந்தது.

மைத்துனர் எழுந்தார். பிரேக்கிலிருந்து கால் எடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் அருகில் வந்து தோளைத் தொட்டார்.

“மாப்பிள்ளை, அன்னிக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன். தப்பு என்னுதுதான். மனசுல வெச்சுக்காதீங்க.”

“அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் மச்சான்” என்றேன். அன்றைய விசாரணையில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான்.

“இப்ப நீங்களே சொல்லுங்க. பொண்ணு இந்தத் துறைக்குப் போகலாமா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் ஸ்டூல். இப்போதுதான் கையில் கிடைத்த மன்னிப்பு, சூடுகூட ஆறவில்லை. பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன்கூட என்னைவிடச் சுலபமாக வாயை மூடியிருப்பான்.

“தாராளமா” என்றேன்.

மகள் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “தேங்க்ஸ்பா.” அதன் பிறகு அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி. ஆனால் விற்பனைத் துறையில் இத்தனை காலம் இருந்தவனுக்கு, முதலிலேயே பேசி முடித்த வியாபாரம் எது என்று தெரியாதா?

வாசலில் செருப்பு மாட்டும்போது ஆடிட்டர் என் காதருகே வந்தார்.

“வருத்தப்படாதீங்க சார். நீங்க எனக்குப் போன் பண்ணி முடிக்கிறதுக்கு முன்னாடியே உங்க வீட்டம்மா எங்க வீட்டம்மாகிட்டப் பேசி முடிச்சிருந்தாங்க. மேல்வீட்டுலயும் சொல்லியாச்சாம்.”

“இதை நீங்க முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“எனக்கு இப்பதான் தெரியும். எனக்கும் என் வீட்ல கடைசியாத்தான் சொல்வாங்க.”

எல்லோரும் போன பிறகு சமையலறைக்குப் போனேன். தொட்டி நிறையக் கோப்பைகள். அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதையாவது ஒன்றை நிஜமாகச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

“உனக்கு ஒண்ணு தெரியாது” என்றேன். “கடைங்கள்ல யாரும் எனக்கு எழுந்து நிக்கிறதில்லை. ஸ்டூல்தான் போடுவாங்க. அந்த ஸ்டூல்ல அவ உட்காரக் கூடாதுன்னுதான்...”

“தெரியும்.”

“தெரியுமா?”

“நான் வேலைக்குப் போற பஸ் நீங்க ஆர்டர் கேக்கற கடைத் தெரு வழியாத்தாங்க போகுது.”

“எத்தனை நாளா?”

“பஸ் எப்பவும் அப்படித்தான் போகுது.”

எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. ஸ்டூல் கூடத்தில் இருந்தது.

“தெரிஞ்சுமா அவளை அனுப்புறே?”

“அவளை யாரும் ஸ்டூல்ல உட்கார வெக்க முடியாதுங்க. அவ என் பொண்ணு.”

நியாயமாகத்தான் பட்டது. அவளைப் பார்க்காமல், குழாயைப் பார்த்துக் கேட்டேன்.

“அங்க நீ சொன்னியே... சட்டை, ஒண்ணாந்தேதி, ஒரு நாள்கூட வருத்தப்படலன்னு. அதெல்லாம் நெஜமாவே மனசுல இருந்து சொன்னதா?”

அவள் துண்டைக் கொடியில் போட்டாள்.

“விற்பனை முடிஞ்சப்புறம் அந்த இடத்துல நிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நானும் கழுவாத கோப்பைகளும் அந்த இடத்திலேயே நின்றோம்.